நிலவு பார்த்து மூடும் கடைகள்

இலங்கையின் கற்பிட்டிக் குடாநாட்டில், கண்டக்குழிக் கரையில் தொழில் நிற்கும் நாட்கள் மூன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ, அன்று முஸ்லிம் மீனவர்கள் கடலுக்கு இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கத்தோலிக்க மீனவர்கள் வள்ளத்தை மணலில் ஏற்றிவிட்டுப் பூசைக்குப் போகிறார்கள். மாதத்துக்கு ஒருமுறை பூரணையன்று நாடே ஓய்கிறது. அது போயா, அரச விடுமுறை. இந்த மூன்றில் மதுக்கடைக்குப் பூட்டு விழுவது போயாவுக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மது விற்கலாமா என்று மேற்கு நாடுகளில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடியிருக்கிறார்கள். இலங்கையில் ஞாயிற்றின் இடத்தில் பூரணை வந்து அமர்ந்தது. எந்த நாளில் கடையைப் பூட்டுவது என்பதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அரசு யாருடைய புனித நாளுக்கு மரியாதை செய்கிறது என்பது ஒன்று. குடியால் வரும் கேட்டைக் குறைக்க வேண்டுமானால் எந்த நாள் பொருத்தம் என்பது மற்றது. முதலாவதுக்கு விடை சொன்னால் இரண்டாவதுக்கும் சொன்னதாகும் என்று நம் சட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. கொழும்பிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றலாம். முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் அடர்ந்து வாழும் கற்பிட்டிக் குடாநாட்டில் நின்று பார்த்தால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து கிடப்பது தெரியும்.

பூரணைக்கும் மதுவுக்கும் உள்ள பகை புதிதல்ல. பஞ்சசீலத்தின் ஐந்தாவது சீலம் மயக்கம் தரும் பானங்களை விலக்கச் சொல்கிறது. பூரணையன்று சில் எடுக்கும் பௌத்தர் அதைக் கூடுதல் கண்டிப்போடு கைக்கொள்வார். ஆனால் அது ஒருவர் தானாக ஏற்கும் நோன்பு. அது அரச நாட்காட்டிக்குள் வந்த கதை பிரித்தானியர் காலத்தில் தொடங்குகிறது. பௌத்த மறுமலர்ச்சிக்கு உழைத்த கேணல் ஒல்கொட்டும் பௌத்தத் தலைவர்களும் கேட்டு வாங்கிய உரிமையாக, 1885-இல் ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில் வெசாக் பூரணை பொது விடுமுறையானது. அதுவரை அரச அலுவலகத்துக்குத் தெரிந்த புனித நாட்கள் பெரும்பாலும் ஞாயிறும் கிறிஸ்தவப் பெருநாட்களும்தான்.

அடுத்த திருப்பம் மதுவொழிப்பு இயக்கம். குடியேற்ற அரசு சாராயம் விற்கும் உரிமையை ஏலம் விட்டுப் பெரும் வருமானம் பார்த்தது. அந்தக் குத்தகை எடுத்துப் பணக்காரரான குடும்பங்கள் பல. பிற்காலத்து அரசியல் தலைமையில் ஒரு பகுதி அந்தப் பணத்திலிருந்து முளைத்தது என்பதை இலங்கை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். 1904 அளவில் தென் மாகாணத்தில் எழுந்த மதுவொழிப்பு அலை, 1912-இல் மறுபடி கிளம்பியது. காரணம் அந்த ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். கள்ளுத் தவறணையைச் சாராயத் தவறணையிலிருந்து பிரித்து ஊரூராகத் திறக்கும் திட்டம் அதனோடு சேர்ந்து வந்தது. விகாரை முற்றங்களில் கூட்டம் கூடியது. குடிக்கமாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் உறுதி எடுத்தார்கள். எஃப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க ஆகியோர் முதலில் பெயரெடுத்தது இந்த மேடைகளில்தான். 1915 சிங்கள–முஸ்லிம் கலவரத்தின்போது அரசு அவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டதற்கு, மதுவொழிப்புச் சங்கங்களை இராசத்துரோகக் கூடாரங்களாக அது பார்த்ததும் ஒரு காரணம். மது எதிர்ப்பும் தேசியமும் பௌத்த மறுமலர்ச்சியும் ஒரே கயிற்றில் முறுக்கப்பட்டது அப்போதுதான்.

அந்தப் போராட்டம் இன்னொன்றையும் கொடுத்தது. ஓர் ஊரில் தவறணை வேண்டுமா வேண்டாமா என்று ஊராரே வாக்களித்து முடிவுசெய்யும் ஏற்பாடு அது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் பல தவறணைகள் இப்படி வாக்கால் மூடப்பட்டன. யாழ்ப்பாணத்தில் இந்த இயக்கம் வேகமாகப் பரவியது. சைவ சபைகளும் கிறிஸ்தவ மிஷன்களும் இதில் ஒரே பக்கம் நின்றன. இன்று போயா மூடலைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த வாக்கெடுப்பை நினைப்பதே இல்லை. எனக்கு அதுதான் அந்தக் காலத்தின் மிகப் பெறுமதியான மிச்சமாகத் தெரிகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

சுதந்திர இலங்கை ஞாயிற்றோடு ஒரு துணிகரமான விளையாட்டு விளையாடிப் பார்த்தது. டட்லி சேனாநாயக்க அரசு 1966 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து ஞாயிறு விடுமுறையை நீக்கி, சந்திரனின் நான்கு கலைகளையும் வாராந்தப் போயா விடுமுறையாக்கியது. அதற்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை. சந்திரன் ஏழு நாள் கணக்குக்கு ஒத்துப்போவதில்லை. ஒரு போயாவுக்கும் அடுத்ததுக்கும் இடையில் சில வாரம் ஆறு நாள், சில வாரம் எட்டு நாள் வந்தது. வெளிநாட்டு வங்கிகளும் கப்பல் கம்பனிகளும் கொழும்பு எப்போது திறந்திருக்கும் என்று நாட்காட்டியைப் புரட்ட வேண்டியிருந்தது. நீர்கொழும்பிலிருந்து கற்பிட்டி வரையான கத்தோலிக்கக் கரையில் ஞாயிறு வேலைநாளானது; அலுவலகத்துக்குப் போகிறவர் விடியற்காலைப் பூசையை முடித்துக்கொண்டு ஓடினார். 1971-இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு ஞாயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைகள் சட்டத்தில் பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாகவும் வங்கி விடுமுறையாகவும் தங்கியது. ஆக, ஞாயிறு ஓய்வு நாளாக மீண்டது. புனித நாள் என்ற பட்டம் பூரணையிடமே இருந்துவிட்டது. மதுக்கடைப் பூட்டு அந்தப் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

இன்றைய நடைமுறைக்கு அடிப்படை இன்னமும் அந்த 1912-இன் கட்டளைச் சட்டம்தான். அமைச்சர் வெளியிடும் மதுவரி அறிவித்தல்கள், உரிமப் பத்திரத்தின் நிபந்தனைகள், திணைக்களத்தின் ஆண்டுச் சுற்றறிக்கைகள் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கும் கட்டடம் அது. பூரணைப் போயா ஆண்டுக்கு 12, சில ஆண்டுகளில் 13. வெசாக்குக்கு மறுநாளும் மூடல். பெப்ரவரி 4 சுதந்திர தினம், சித்திரைப் புத்தாண்டு, அக்டோபர் 3 உலக மதுவொழிப்புத் தினம், டிசம்பர் 25 ஆகியனவும் வழமையான மூடல் நாட்கள். சுப்பர் மார்க்கெட்டில்கூட அன்று மது அடுக்கை மறைத்துத் திரை போட்டிருப்பார்கள். 2006-இன் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபை இதற்கெல்லாம் மேலே வயதுக் கட்டுப்பாட்டையும் விளம்பரத் தடையையும் வைத்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது.

மூடல் நாட்களின் பட்டியலில் நத்தாரும் இருப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கத்தோலிக்கருக்கு முந்திரிகை இரசம் பூசையின் நடுவில் இருக்கிறது. நத்தார் அவர்களுக்கு விருந்து நாள். நள்ளிரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் கேக்கும் ஒரு கிளாசும் மேசையில் இருப்பது இந்தக் கரையில் பாவமாக யாருக்கும் படுவதில்லை. பெருநாளுக்கு மரியாதை செய்வதென்றால் மதுக்கடையைப் பூட்டுவது என்ற எண்ணம் பௌத்தத்திலிருந்து வந்தது. அரசு கிறிஸ்து பிறந்த நாளுக்கும் அதே மாலையைத்தான் போடுகிறது. தவறான எண்ணத்தோடு செய்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருவரின் பெருநாளை இன்னொருவரின் முறைப்படி கொண்டாடிக் கொடுப்பதுபோல அது இருக்கிறது. கத்தோலிக்க மீனவக் குடும்பத்துக்குக் குடி உண்மையிலேயே தொல்லையாக இருக்கும் நாளோ ஞாயிறு. அன்று கடை திறந்திருக்கிறது.

கண்டக்குழிக்கு வருவோம். பாலாவியிலிருந்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்தையும் தலவில அன்னம்மாள் திருத்தலத்தையும் கடந்து கற்பிட்டிக்குப் போகும் வீதியில், நகருக்குக் கிட்ட மேற்கே திரும்பினால் கடற்பக்கம் கண்டக்குழி. கிழக்கே புத்தளம் களப்பு. 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் பெருந்தொகையானோர் வந்து தங்கியது புத்தளத்தையும் இந்தக் குடாநாட்டையும் சுற்றித்தான். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் சிங்களமும் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள் இந்த மாவட்டக் கரை முழுக்க உண்டு. கொஞ்சம் தெற்கே உடப்பு, திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் பேர்போன இந்து மீனவர் ஊர். இப்படிப்பட்ட கரைக்கு ஒரே நாட்காட்டி போதாது.

கடலுக்கும் ஒரு நாட்காட்டி இருக்கிறது. இரவில் வலை விடும் தொழிலுக்கு இருட்டு வேண்டும். முழுநிலவில் வலை மீனின் கண்ணுக்குத் தெரியும். வெளிச்சம் காட்டி மீனைக் கூட்டும் முறையும் நிலவொளியில் எடுபடாது. அதனால் பூரணையை ஒட்டிய சில நாட்கள் இரவுத் தொழில் மந்தமாக இருப்பது இலங்கைக் கரைகளில் பொது வழக்கம். பக்கத்துக் குடாவ மணலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் போயா மூடலைப் பற்றிக் கேட்டேன். வலைக்கண்ணிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னார்: "நிலவுக்கு வலை தெரியும் தம்பி, மீன் ஏறாது. நாங்க சும்மா இருக்கிற நாளாப் பாத்துத்தானே கடையையும் பூட்டுறான்." பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "பூட்டினா என்ன, முதல்நாளே வாங்கி மணலுக்க புதைச்சிருவான்."

சட்டம் அறியாமலே கடலின் ஓய்வோடு ஒத்துப்போகும் இடம் இது. இரவுத் தொழில் செய்பவர் கையில் நேரம் இருக்கும், காசு குறைவாக இருக்கும், கடையும் பூட்டு. காகிதத்தில் பார்த்தால் குடியைத் தடுக்க இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. ஆனால் போயா எந்தத் திகதியில் வரும் என்பது ஓராண்டுக்கு முன்பே சுவர்க் கலண்டரில் அச்சாகிவிடுகிறது. சாராயம் பழுதாகும் பொருளுமல்ல. போயாவுக்கு முதல்நாள் மாலை கற்பிட்டிப் பக்கத்து மதுக்கடை ஒன்றின் முன்னால் நின்றேன். இரும்புக் கம்பிக்குள்ளே கையை விட்டுக் காசு நீட்டுகிறார்கள். உள்ளேயிருந்து செய்தித்தாளில் சுற்றிய போத்தல் வருகிறது. "நாளைக்குக் கடை இல்லத்தானே, ரெண்டாத் தாங்க" என்ற குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. சைக்கிள் ஹேண்டிலில் தொங்கவிட்ட பையைத் துவாயால் மூடிக்கொண்டு ஒருவர் போனார்.

இரண்டு போத்தல் வாங்குகிறவர் யார் என்பதுதான் முக்கியம். வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டியால் முடியும், மாதச் சம்பளக்காரரால் முடியும். அன்றாடம் பங்குக் காசில் கால் போத்தல் வாங்குகிற கூலியாளிடம் இருப்பு வைக்கக் காசு இல்லை. குடிக்கு அடிமையானவரிடம் காசு இருந்தாலும், முதல்நாள் வாங்கிய போத்தல் மறுநாள் காலை வரை நிற்காது. இவர்கள் இருவரும்தான் பூட்டிய கடையின் முன் நிற்கிறவர்கள். அவர்களுக்கு மூன்று வழி: குடிக்காமல் இருப்பது, வீட்டில் வைத்து விற்பவரிடம் கூட்டி விலை கொடுத்து வாங்குவது, அல்லது கசிப்பு. முதலாவது வழியில் போகிறவர் எண்ணிக்கை பூச்சியம் என்று சொல்ல நான் தயாரில்லை. ஒருநாள் கடை இல்லை என்பதால் வீட்டில் சோறு அமைதியாக இறங்கியது என்று சொல்லும் பெண்களை இந்தக் கரையில் எங்கும் காணலாம். அந்த ஒருநாளைச் சும்மா தள்ளிவிட முடியாது. மற்ற இரண்டு வழிகளும் ஏழையின் பையையும் ஈரலையும் கூடுதலாக அரிக்கின்றன என்பதையும் மறைக்க முடியாது.

கசிப்பு என்பது சீனி, ஈஸ்ட், கையில் கிடைக்கும் பழம் எல்லாம் ஊறப்போட்ட கோடாவை வடித்தெடுப்பது. கோடா புளிக்க நாட்கள் வேண்டும், மறைவிடம் வேண்டும். களப்பு ஓரத்துக் கண்டல் காடுகளும் பற்றைகளும் அதற்கு வசதியாக அமைந்துவிடுகின்றன. சாராய விலைக்கும் கசிப்பு விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பெரிதாகும்போதெல்லாம் கசிப்பு பெருகும். 2023-இல் மட்டும் மதுவரி இரண்டு தடவை 20 சதவீதம் கூடியது. கொரோனா ஊரடங்கு இதற்கு ஒரு நாடளாவிய சோதனை போல அமைந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டு மதுக்கடைகளை மூடியபோது கசிப்புக் கைதுகள் செய்தித்தாளை நிறைத்தன. மே மாதம் கடை திறந்த அன்று பல இடங்களில் நீண்ட வரிசை நின்றது. நீண்ட மூடல் கள்ளச் சந்தையை வளர்த்துவிடும் என்பதற்கு அது சான்று. ஒற்றை நாள் மூடலுக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. போயா அன்றைக்கென்று புதிதாக யாரும் கோடா போடுவதில்லை. ஆனால் ஏற்கெனவே கசிப்பு விற்கிறவருக்கு மாதத்தில் ஒருநாள் போட்டியே இல்லாத வியாபாரத்தைச் சட்டம் கொடுக்கிறது.

கள்ளின் கதை இன்னும் வேடிக்கை. புத்தளம் மாவட்டத்தின் தெற்குப் பாதி தென்னை முக்கோணத்துக்குள் வருகிறது. கள்ளுத் தொழில் அங்கே பழையது. பாளையை நாளுக்கு இரண்டு வேளை சீவ வேண்டும். ஒரு வேளை தவறினால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் குறையும். மரத்துக்குப் போயா கிடையாது. ஊறுவது ஊறிக்கொண்டேதான் இருக்கும். முட்டியிலேயே புளிக்கத் தொடங்கி, சில மணி நேரத்தில் வெறியேறும். சாராயப் போத்தலை நாளைக்கென்று வைக்கலாம், கள்ளை வைக்க முடியாது. அன்று தவறணை பூட்டு என்பதால் சீவல் தொழிலாளி மரமேறாமல் இருப்பதில்லை. அன்றைய கள்ளு வினாகிரிக்குப் போகும், அல்லது மரத்தடியிலேயே சத்தமில்லாமல் கைமாறும். தொழிற்சாலைச் சாராயத்தை மனத்தில் வைத்து எழுதிய மூடல் நாள், அதைவிட வெறி குறைந்த பானத்தையும் அதன் ஏழைத் தொழிலாளியையும் கூடுதலாகப் பிடிக்கிறது. மதுவரிச் சட்டங்களில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய அநீதி இது. இதைப் பற்றி யாரும் கூச்சல் போடுவதில்லை.

இனிக் கடற்கரை விடுதிகள். கற்பிட்டியைச் சுற்றிய 14 தீவுகளைச் சேர்த்துப் பெரும் சுற்றுலா வலயம் அமைக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. நிலம் பறிபோகிறது என்று மீனவர் போராடினார்கள். திட்டம் முழுதாக எழவில்லை. ஆனால் காற்றாடிச் சவாரிக்காரர்களுக்குக் கண்டக்குழி, குடாவ என்ற பெயர்கள் உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டன. தென்மேல் காற்று அடிக்கும் மே முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளிப்பதால் மீனவருக்குத் தொழில் சுருங்கும்; அதே காற்றுக்காகத்தான் வெள்ளைக்காரர் வருகிறார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கும். ஓங்கில் பார்க்க வருவோரை ஏற்றிக்கொண்டு மீன்பிடி வள்ளங்கள் போகும். இந்தப் பயணிகளில் எத்தனை பேருக்குப் போயா என்றால் என்னவென்று தெரியும்? போயாவன்று விடுதி பார் மூடியிருக்கும். தங்கியிருக்கும் விருந்தினர் தம் அறைக்குள் குடிக்கலாம் என்பது பொதுவாக நடப்பில் உள்ள சலுகை. சின்ன விடுதிகளில் தேநீர்ப் பாத்திரத்துக்குள் பியரை ஊற்றிக் கோப்பையோடு கொண்டுவந்து வைக்கும் தந்திரம் சுற்றுலாக்காரரிடையே பிரசித்தம். வேலிக்கு அப்பால் அவர்களை ஏற்றிய வள்ளத்தை ஓட்டியவர் கால் போத்தலுக்கு அலைந்துகொண்டிருப்பார்.

பயணிக்கு ஒரு சட்டம், ஊர்க்காரருக்கு ஒரு சட்டம் என்பது நம் கண்டுபிடிப்பல்ல. ஸ்கொட்லாந்தில் 1853-இல் வந்த ஃபோர்ப்ஸ் மக்கென்சி சட்டமும், வேல்ஸில் 1881-இல் வந்த ஞாயிறு மூடல் சட்டமும் குடிசாலைகளை ஞாயிறு பூட்டின. உண்மையான பயணிக்கு மட்டும் விலக்கு. யார் உண்மையான பயணி என்பதை அளக்க மூன்று மைல் கணக்கு வைத்தார்கள்: முந்திய இரவு படுத்த இடத்திலிருந்து அவ்வளவு தூரமாவது வந்திருக்க வேண்டும். ஞாயிறு பிற்பகல் மூன்று மைல் நடந்து பக்கத்து ஊர்க் குடிசாலைக்குப் போய்ப் பயணியாகக் கையெழுத்திட்டுக் குடிப்பது ஒரு வழக்கமாகவே ஆனது. அயர்லாந்தில் 1927 சட்டப்படி பெரிய வெள்ளியன்று மூடிக் கிடந்த குடிசாலைகள் 2018-இல்தான் திறந்தன. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ஞாயிறு கடையடைப்புச் சட்டங்கள் மதச் சார்பானவை என்று எதிர்த்த வழக்கில், 1961-இல் உச்ச நீதிமன்றம் அவற்றைச் சரியென்றது. பிறக்கும்போது மதச் சட்டமாக இருந்தாலும் இப்போது அது எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாளாகிவிட்டது என்பது அதன் வாதம். போயாவைக் காக்க விரும்புவோர் இதே வாதத்தை எடுக்கலாம். ஆனால் பொது ஓய்வு என்பது காரணமானால், இலங்கையில் வாரந்தோறும் ஓயும் நாள் ஞாயிறுதான். அந்த நாளில் கடை திறந்திருக்கிறது.

மூடலால் கேடு குறைகிறதா? அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 1995 ஜூலையில் ஞாயிறு விற்பனைத் தடையை எடுத்தது. அடுத்த ஐந்தாண்டுத் தரவை ஆராய்ந்தவர்கள், மது சம்பந்தப்பட்ட ஞாயிறு வாகன விபத்துகள் 29 சதவீதமும் அவற்றில் இறப்புகள் 42 சதவீதமும் கூடியதாகக் கணக்கிட்டார்கள். சுவீடனில் அரச ஏகபோகக் கடைகள் 2000-இல் சில மாவட்டங்களிலும் 2001-இல் நாடு முழுதும் சனிக்கிழமை திறந்தன. விற்பனை சுமார் நான்கு சதவீதம் ஏறியது, வன்முறையிலோ குடித்து வாகனம் ஓட்டுவதிலோ உறுதியாகச் சொல்லக்கூடிய மாற்றம் இல்லை. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இந்த இரண்டையும் நான் இப்படி வாசிக்கிறேன். நியூ மெக்சிகோவில் குடிக்கிறவர் கார் ஓட்டியே கடைக்குப் போய் வருகிறார். ஞாயிறு முழுக்க அவருக்கு ஓய்வு. சுவீடனில் கடை அரசினுடையது, விலை அதிகம், சனி பிற்பகலோடு பூட்டு, ஞாயிறு திறப்பதே இல்லை. ஆக, மூடல் நாளின் பலன் அந்த நாளில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மாதத்துக்கு ஒன்று என்று ஊருக்கெல்லாம் ஒரே நாளை நிலவைப் பார்த்துக் குறிப்பதில் அந்தக் கணக்கு கிடையாது.

அந்தக் கணக்கைப் போட்ட அரசு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி மது விற்பனை இல்லை. ஏ. கே. அந்தோணி முதலமைச்சராக இருந்தபோது 2003-இல் வந்த ஏற்பாடு அது. சம்பளம் கைக்கு வரும் நாளன்று அது நேரே கடைக்குப் போய்விடக் கூடாது என்பதே காரணம். சாமியையும் பார்க்கவில்லை, நிலவையும் பார்க்கவில்லை. சம்பளப் பையைப் பார்த்தது. உம்மன் சாண்டி அரசு 2014-இல் ஞாயிற்றுக்கிழமைகளையும் மது இல்லா நாளாக்கி, சில மாதங்களுக்குள் பின்வாங்கியது. சுற்றுலாத் துறையின் நெருக்குதல் அங்கேயும் உண்டு. 2025 மதுக் கொள்கையில் நட்சத்திர விடுதிகளின் மாநாடுகளுக்கும் திருமணங்களுக்கும் முதலாம் திகதித் தடையைத் தளர்த்தினார்கள். மூன்று மைல் பயணி எந்த ஊரிலும் வந்து சேர்ந்துவிடுகிறார்.

தமிழ்நாட்டின் வழி வேறு. அரசின் டாஸ்மாக் கடைகள் ஆண்டில் எட்டு நாள் பூட்டு: திருவள்ளுவர் நாள், குடியரசு நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர நாள், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. 1937-இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கின் மாநிலம், 2003 முதல் சில்லறை விற்பனையைத் தானே நடத்துகிறது. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் எழுதியவரையும் சன்மார்க்கம் பேசியவரையும் சான்றோர் என்று மதித்து அவர்கள் நாளில் பூட்டுகிறது; தீபாவளியிலும் பொங்கலன்றும் திறந்து வைக்கிறது. இலங்கை புத்தாண்டில் பூட்டுகிறது, தமிழ்நாடு தீபாவளியில் விற்கிறது. ஒன்றில் சாமிக்குப் பயம், மற்றதில் கல்லாவின் மேல் கண். உண்மையில் இலங்கைக்கும் கல்லாவின் மேல் கண் குறைவில்லை: மதுவரித் திணைக்களத்தின் வருமானம் 2024-இல் 200 பில்லியன் ரூபாயைத் தாண்டியது. அதே ஆண்டில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட புதிய உரிமங்கள் கொடுக்கப்பட்டதாக டிசம்பரில் பாராளுமன்றத்தில் பட்டியல் வைத்தார்கள். அரசியல் இலஞ்சமாக அவை பங்கிடப்பட்டன என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. எந்த ஊரில் கடை வேண்டும் என்று அந்த ஊரை யாரும் கேட்கவில்லை.

இங்கேதான் நூறாண்டுக்கு முந்திய வாக்கெடுப்பு நினைவுக்கு வருகிறது. வேல்ஸும் அந்த வழியில்தான் ஞாயிற்றுத் தடையை அவிழ்த்தது. 1961-இல் மாவட்டம் மாவட்டமாக வாக்கெடுத்தார்கள். தொழில் நகரங்கள் திறக்கச் சொல்லின. வெல்ஷ் மொழியும் தேவாலயமும் வலுவாக இருந்த மேற்கு மாவட்டங்கள் பூட்டியே வைக்கச் சொல்லின. ஏழாண்டுக்கு ஒருமுறை மறுபடி கேட்டார்கள். டுவைவோர் என்ற கடைசி மாவட்டம் 1996-இல்தான் திறந்தது. முப்பத்தைந்து ஆண்டு அந்தப் பகுதி தன் விருப்பப்படி ஞாயிறு பூட்டி வைத்திருந்தது. அடுத்த மாவட்டம் திறந்திருந்ததால் நாடு கவிழ்ந்துவிடவில்லை.

கற்பிட்டிப் பிரதேசத்தில் அப்படி ஒரு வாக்கெடுப்பு வைத்தால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். முஸ்லிம் ஊர்கள் ஆண்டு முழுதும் கடையே வேண்டாம் என்று சொல்லக்கூடும். கத்தோலிக்கக் கரை போயாவைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல், வாரக் கணக்கு முடியும் சனி மாலையையும் ஞாயிறையும் கேட்கலாம். நத்தாரைத் திறந்து விடு என்றும் கேட்கலாம். பௌத்தக் குடும்பங்கள் போயாவை விட்டுக்கொடுக்கமாட்டா. விடச் சொல்லவும் தேவையில்லை. விடுதிக்காரர் தம் பயணிகளுக்கு விலக்குக் கேட்டு நிற்பார்கள். பக்கத்து ஊருக்கு நடந்து போய்க் குடிக்கிறவர் கட்டாயம் இருப்பார். விளைவு சீராக இருக்காது. ஆனால் கடை பூட்டும் நாள் அந்த ஊரில் யாருடைய ஓய்வு, யாருடைய காசு, யாருடைய வீட்டுச் சண்டை என்பதோடு முதல்முறையாகத் தொடர்புபடும்.

வாக்காளர் யார் என்பதிலும் வித்தியாசம் இருக்கும். பழைய தவறணை வாக்கெடுப்புகள் சூடுபிடித்த ஆண்டுகளில் இந்த நாட்டில் சர்வசன வாக்குரிமை இல்லை. அது 1931-இல்தான் வந்தது, பெண்களுக்கும் சேர்த்து. ஆனால் 1979-இன் மதுவரி அறிவித்தல் ஒன்று, மதுக்கடை வளாகத்துக்குள் பெண்களுக்கு விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மறுபடி போடச் செய்தார். கண்டக்குழியில் மீன் விற்ற காசைக் கணக்குப் பார்த்து வாங்கி முடிந்து வைக்கிற பெண், அந்த அறிவித்தலின்படி மதுக்கடைக்குள் போய் ஒரு போத்தல் வாங்க முடியாது. கடை எந்த நாளில் பூட்ட வேண்டும் என்ற வாக்கெடுப்பில் அவளுக்கு ஒரு வாக்கு இருக்கும்.